தாத்தா தோற்ற கேள்வித்தாள் கிடைத்த கடை: திருவல்லிக்கேணிச் சந்தில் ஒரு பழைய புத்தகக் கடை

பாரதி சாலைக்குப் பழைய புத்தகம் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் நடைபாதையோடு திரும்பிவிடுகிறார்கள். நீட் கைடு, குரூப் டூ கைடு, அட்டை போன இஞ்சினியரிங் புத்தகங்கள், கொஞ்சம் நாவல்கள், அவ்வளவுதான் இங்கே என்று நினைத்துவிடுகிறார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். நான் சொல்லவந்த கடை சாலையில் இல்லை, சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருக்கிறது. கீழே பைண்டிங் பட்டறை. பக்கவாட்டில் ஏறும் மரப்படியில் போனால் மேலே நீளமான ஒரு அறை. பெயர்ப்பலகை கிடையாது. பட்டறை வாசலில் பசை வாளியும், வெயிலில் காயப்போட்ட அட்டைகளும் இருக்கும். அதுதான் அடையாளம்.

கடைக்காரரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுகிறார்கள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இந்தக் கடையைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "பேரு, நம்பரெல்லாம் போடாதீங்க டீச்சர். வேணும்கிறவங்க விசாரிச்சு வந்துடுவாங்க" என்றார். அதனால் போடவில்லை.

தஞ்சாவூர் மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 31 வருஷம் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எல்லாம் தமிழ்வழி வகுப்புகள். இந்தக் கடைக்குப் போனதற்குக் காரணம் என் அப்பாவின் அப்பா. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ., அதாவது பி.ஏ.வுக்கு முந்தின அன்றைய கல்லூரிப் படிப்பு, படித்துத் தோற்றவர். ஊரில் அவருக்கு எஃப்.ஏ. தாத்தா என்றுதான் பெயர். பெயில் என்பதை யாரும் சேர்த்துச் சொல்லமாட்டார்கள். அந்த இரண்டு எழுத்தே அன்றைக்குப் பெரிய விஷயமாக இருந்தது. கிணற்றில் வாளியை இறக்கும்போது "டியோடினம், ஜெஜுனம், இலியம்" என்று சொல்லிக்கொண்டே இறக்குவார். எனக்கு அப்போது ஆறேழு வயது. ஏதோ மந்திரம் என்று நினைத்து நானும் கூடவே சொல்வேன். பதினோராம் வகுப்பில் சிறுகுடல் பாடம் நடத்தின அன்றைக்குத்தான், அது முன்சிறுகுடல், நடுச்சிறுகுடல், பின்சிறுகுடல் என்று தெரிந்தது. வகுப்பிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. தாத்தா இறந்து அப்போது பல வருஷம் ஆகியிருந்தது.

தாத்தா எழுதிய பரீட்சை எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க வேண்டும் என்ற ஆசை ஓய்வுக்குப் பிறகு பெரிதாகிவிட்டது. ஒரு பெரிய நூலகத்துக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை கடிதம் கேட்டார்கள், இரண்டாம் தடவை கடிதம் சரியில்லை என்றார்கள், மூன்றாம் தடவை அந்த அலமாரிக்குச் சாவி இல்லை என்றார்கள். மாமல்லபுரத்தில் வேலை பார்க்கும் என் மாணவன் ஒருவன்தான், "மிஸ், பாய் கடையில கேட்டுப் பாருங்க" என்றான்.

மேலே ஏறினதும் முதலில் தெரிவது வாசனை. பழைய காகிதமும் கற்பூரமும் வேப்பிலையும் கலந்த வாசனை. ராமபாணப் பூச்சி வராமலிருக்கப் பாய் இரண்டையும் அடுக்கு அடுக்காக வைத்திருக்கிறார். சுவர் முழுக்க தேக்கு அலமாரி, நடுவில் கயிற்றுக் கட்டுகள். கல்லூரிகள் கழித்துக்கட்டும் புத்தகங்களை அவருடைய தாத்தா காலத்திலிருந்து எடைக்கு வாங்கியிருக்கிறார்கள். சாலை கடற்கரையில் போய் முட்டுகிற இடத்தில் மாநிலக் கல்லூரி, அதற்கு வடக்கே நடந்துபோகிற தூரத்தில் பல்கலைக்கழக செனட் ஹவுஸ். இரண்டையும் கட்டியவர் ராபர்ட் சிஸ்ஹோம். கல்லூரிக் கட்டடம் 1870ல் திறந்தது, செனட் ஹவுஸ் 1879ல் முடிந்தது. அந்தக் காலத்துக் காகிதமெல்லாம் எங்கே போய்ச் சேரும்? இந்தச் சந்துக்குள்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

பொதுவாக என்ன கிடைக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய கல்லூரி ஆண்டு மலர்கள், பரிசு முத்திரை போட்ட ஆங்கில இலக்கியப் புத்தகங்கள், மாணவர்கள் மனப்பாடம் செய்த 'நோட்ஸ்' வகையறா, பல்கலைக்கழகம் போட்ட பெரிய அகராதியான தமிழ் லெக்சிகனின் உதிரிப் பாகங்கள். 1924 முதல் 1936 வரை வெளிவந்த ஆறு பாகமும் சேர்ந்து கிடைப்பது அரிது. நான் போன அன்று நான்குதான் இருந்தன. சட்டப் புத்தகம் நிறைய. மருத்துவம் கொஞ்சம். கதைப் புத்தகம் வேண்டுமானால் நடைபாதைதான் சரி.

நான் கேட்டதைக் கேட்டுவிட்டுப் பாய் உடனே எழுந்திருக்கவில்லை. "எந்த வருஷம் டீச்சர்?" என்றார். 1907 என்றேன். "கும்பகோணமா, பட்டணமா?" கும்பகோணம் என்றேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஏணியைச் சாய்த்து மேல்தட்டிலிருந்து இரண்டு கட்டுகளை இறக்கினார். கம்ப்யூட்டரும் கிடையாது, பட்டியலும் கிடையாது. எல்லாம் அவர் மண்டையில் இருக்கிறது. இந்தக் கடையின் பெரிய பலம் அது, பெரிய ஆபத்தும் அதுவேதான்.

முதல் கட்டில் இருந்தது ஒரு பல்கலைக்கழகக் காலண்டர். நாம் சுவரில் மாட்டுகிற காலண்டர் இல்லை. விதிகள், பாடத்திட்டம், இணைப்புக் கல்லூரிகள், பட்டம் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியல் எல்லாம் அடங்கின தடித்த புத்தகம். மேசையில் வைத்துப் புரட்ட விட்டார். அவசரப்படுத்தவே இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார், ஆனால் கீழே இறங்கிப்போய்க் குடிக்கச் சொன்னார். புத்தகம் இருக்கும் அறையில் டம்ளர் வரக் கூடாது என்பது அவர் அப்பா வைத்த சட்டமாம். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அந்தக் காலண்டரைப் புரட்டும்போது ஒன்று உறைத்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5ஆம் தேதி சட்டப்படி உருவானது. கல்கத்தாவும் பம்பாயும் அதே வருஷம். மூன்றுக்கும் முன்மாதிரி அன்றைய லண்டன் பல்கலைக்கழகம். அதாவது, பாடம் நடத்தாத பல்கலைக்கழகம். பாடம் நடத்துவது கல்லூரிகளின் பாடு. பல்கலைக்கழகத்தின் வேலை பாடத்திட்டம் வகுப்பது, கேள்வித்தாள் அச்சடிப்பது, திருத்துவது, பெயரைப் பட்டியலில் போடுவது. தனக்கென்று பேராசிரியர்களை வைத்துக்கொள்ளத் தொடங்கியது 1914 வாக்கில்தான். ஐம்பது வருஷத்துக்கு மேல் அது ஒரு தேர்வாணையமாகவே இருந்திருக்கிறது. கையில் பிடித்தால் இந்தப் புத்தகமே அதைச் சொல்கிறது. பக்கம் பக்கமாக விதி, அப்புறம் பக்கம் பக்கமாகப் பெயர். நடுவில் எங்கேயும் ஒரு வகுப்பறை இல்லை.

பெயர்ப் பட்டியலை விரலை வைத்து ஓட்டினேன். பி.ஏ. பட்டியலில் தாத்தா இருக்கமாட்டார் என்று தெரியும், இருந்தும் தேடினேன். அய்யர், அய்யங்கார், ராவ் என்று வரிசை போகிறது. நடுவில் பிள்ளை, முதலியார், நாயுடு, மேனன், சில கிறிஸ்தவப் பெயர்கள். முஸ்லிம் பெயர் தேடித்தான் பார்க்க வேண்டும். தாழ்த்தப்பட்ட சமூகம் என்று அடையாளம் கண்டுகொள்ளும்படி ஒன்றுகூட எனக்குத் தென்படவில்லை. பெண் பெயரும் அப்படித்தான். விதவைப் பெண்களின் கல்விக்குப் பாடுபட்ட சகோதரி சுப்பலட்சுமி மாநிலக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியது 1911ல். நான் புரட்டிய காலண்டர் அதற்கு முந்தியது. பாய் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் டீச்சர், இங்கே பக்கத்துலயே திராவிட இல்லம் வந்துச்சு" என்றார். உண்மைதான். டாக்டர் சி. நடேச முதலியார் 1916ல் பிராமணரல்லாத மாணவர்களுக்காக இதே திருவல்லிக்கேணியில் விடுதி தொடங்கினார். மதிப்பெண் ஒரு பக்கம் இருக்கட்டும், படிக்க வந்த பையன் எங்கே தங்குவான், எங்கே சாப்பிடுவான் என்பதே அன்று பெரிய கேள்வி. என் தாத்தா கும்பகோணத்தில் ஒரு தூரத்து உறவினரின் அரிசி மண்டித் திண்ணையில் படுத்துக்கொண்டு படித்தவர். காலையில் மண்டிக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தால்தான் மத்தியானச் சோறு.

இரண்டாவது கட்டுதான் நான் வாங்கியது. யாரோ ஒரு கல்லூரி ஆசிரியர் 1903லிருந்து 1908 வரை எஃப்.ஏ. கேள்வித்தாள்களை வருஷவாரியாகச் சேர்த்து, சாக்கு ஊசியால் தைத்து, பழுப்பு அட்டை போட்டு வைத்திருக்கிறார். ஓரங்களில் பென்சில் குறிப்புகள். சில கேள்விகளுக்குப் பக்கத்தில் 'மறுபடி' என்று ஆங்கிலத்தில் எழுதி, எந்த வருஷம் முன்பு கேட்டது என்று போட்டிருக்கிறார். என் சர்வீஸில் நானும் பழைய பொதுத்தேர்வுத் தாள்களில் இதையேதான் செய்தேன். நூறு வருஷத்துக்கு முந்தின ஒரு ஆசிரியரின் பென்சில் கோட்டைப் பார்த்ததும், அவரை எனக்கு நேரில் தெரியும் என்பதுபோல இருந்தது.

எஃப்.ஏ. என்பது மெட்ரிகுலேஷனுக்கும் பி.ஏ.வுக்கும் நடுவில் இரண்டு வருஷப் படிப்பு. ஆங்கிலம், இரண்டாம் மொழி, கணிதம், உடலியல், கிரேக்க ரோமானிய வரலாறு. காவிரிக் கரையில் உட்கார்ந்து டைபர் நதிக்கரை அரசர்களை வரிசையாக ஒப்பிக்க வேண்டும். இதில் ஒரு பாடத்தில் தவறினாலும் மொத்தமும் போயிற்று. 1907 டிசம்பர்த் தாளைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். காகிதம் மஞ்சளாகி, மடிப்பில் விட்டுப்போயிருந்தது. உடலியல் தாள் சின்னதுதான். அதைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன். ஒவ்வொரு கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியும். 31 வருஷமாக நான் தமிழில் நடத்திய பாடம்தான் அது. பதினாறு வயதுப் பிள்ளைகள், அப்பா கூலி வேலைக்குப் போகிற பிள்ளைகள், கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டுப் போகிற பாடம். அதே பாடத்தில்தான் என் தாத்தா தோற்றார். குடல் எப்படி வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆடு உரிக்கிற இடத்தில் நின்று பார்த்து வளர்ந்தவர். அதை ஆங்கிலத்தில், மூன்று மணி நேரத்தில், வாக்கியமாக எழுத முடியவில்லை. அதனால்தான் சாகும்வரை மூன்று பெயரையும் ஒப்பித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

அந்தத் தாளை எழுதித் தவறியவர்களில் இன்னொருவரை உலகத்துக்கே தெரியும். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904ல் சேர்ந்து, ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்து, பின்பு பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, 1907லும் எஃப்.ஏ. தேறாமல் போன சீனிவாச ராமானுஜன். அவருக்கும் உடலியல்தான் எமன். கணிதத்தில் அவருக்கு நிகராக ஒருவரும் இல்லை என்பதைப் பார்க்க அந்தத் தேர்வு முறையில் கண்ணே இல்லை. 1913ல் அதே பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது, அது வேறு கதை. தாத்தா ராமானுஜனைப் பார்த்ததாக எங்களிடம் சொன்னதில்லை. ஆனால் இருவர் முன்னாலும் இதே தாள் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது கை நடுங்கியது.

இதற்காக ஆங்கிலப் படிப்பை வெள்ளைக்காரன் திணித்தான் என்று ஒரே வரியில் முடித்துவிட எனக்கு மனமில்லை. ஆங்கிலக் கல்விதான் வேண்டும் என்று மெக்காலே குறிப்பு எழுதியது 1835ல், கல்கத்தாவில். சென்னையில் 1839 நவம்பரில் 70,000 பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று ஆளுநர் எல்ஃபின்ஸ்டனிடம் போயிற்று. ஆங்கிலக் கல்வி தரும் உயர்நிலைக் கல்லூரி வேண்டும் என்று கேட்டது அந்த மனு. அதற்குப் பின்னால் நின்றவர் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன். அதிலிருந்து 1841ல் வந்த உயர்பள்ளிதான், ஈ.பி. பவலின் தலைமையில் வளர்ந்து, 1855ல் மாநிலக் கல்லூரி ஆனது. திருவிதாங்கூர் திவான் மாதவராவ் பவலின் மாணவர்தான். கேட்டவர்களுக்கு வேலை வேண்டியிருந்தது, கேட்டார்கள். என் தாத்தாவின் அப்பாவும் ஒன்றரை மா நிலத்தை அடகு வைத்தது அதற்காகத்தான். ஆங்கிலம் படித்ததில் தப்பு இல்லை. அது மட்டும்தான் வாசல் என்று ஆக்கினதில்தான் எனக்கு வருத்தம்.

அது மட்டும்தான் வழியா என்று நான் கேட்டுக்கொண்டிருந்தபோது பாய் மூன்றாவதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். விற்பனைக்கு இல்லை, பார்க்கலாம் என்றார். முதுகு உரிந்து, முன்பக்கங்கள் போன கனமான புத்தகம். யாரோ முதுகில் காகிதம் ஒட்டி, மசியில் 'இரண வைத்தியம்' என்று எழுதியிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் 1867ல் வந்த நூல். அறுவை மருத்துவம், முழுக்கத் தமிழில். செய்வித்தவர் சாமுவேல் கிறீன். அமெரிக்க மிஷன் மருத்துவர், 1847ல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தவர். முதலில் ஆங்கிலத்தில்தான் நடத்தினார். படித்து முடித்தவர்கள் சர்க்கார் வேலைக்குப் பட்டணங்களுக்குப் போய்விட்டார்கள், கிராமத்துக்கு மருத்துவர் கிடைக்கவில்லை. 1860களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். மாணவர்களையும் கூட வைத்துக்கொண்டு நூல்களை மொழிபெயர்த்தார். 'மனுஷ அங்காதிபாதம்' 1872ல் வந்தது, உடற்கூறு. 'மனுஷ சுகரணம்' 1883ல் வந்தது. சுகரணம் என்றால் நாம் இன்று சொல்கிற உடலியல்.

அந்த மேசையில் இடதுபக்கம் 1907 உடலியல் கேள்வித்தாள், வலதுபக்கம் 1867 இரண வைத்தியம். மானிப்பாய்க்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் கடல்தான். தாத்தா பிறப்பதற்கு முன்பே, அவர் தோற்ற பாடம் அவர் மொழியில் அச்சாகி, அதைப் படித்த மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. பி.எட். படிக்கும்போதும் சொல்லவில்லை, தமிழ்வழிக் கல்விக் கருத்தரங்குகளிலும் சொல்லவில்லை. அறிவியலைத் தமிழில் சொல்லச் சொல் ஏது என்று என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம் அந்த ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டியிருப்பேன்.

யாழ்ப்பாணத்துக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1858ல் இங்கே முதன்முதலில் பி.ஏ. ஆன இரண்டு பேருமே யாழ்ப்பாணத்தார். ஒருவர் கறோல் விசுவநாத பிள்ளை, மற்றவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். அமெரிக்க மிஷன் 1823ல் தொடங்கி 1855ல் மூடிய பள்ளி அது. விசுவநாத பிள்ளை பட்டம் வாங்குவதற்கு முன்பே, 1855ல், 'வீசகணிதம்' என்று தமிழில் அல்ஜீப்ரா நூல் போட்டவர். அப்படிப்பட்டவர் வந்து எழுதிய தேர்வு முழுக்க ஆங்கிலத்தில். தாமோதரம் பிள்ளை பட்டத்தோடு உத்தியோகம் பார்த்துக்கொண்டே பழஞ்சுவடிகளைத் தேடினார். 1887ல் கலித்தொகையை முதலில் அச்சேற்றியவர் அவர். அந்தப் பதிப்பின் ஒரு பிரதியைப் பாய் எனக்குக் காட்டினார். பின்னட்டை இல்லை, சில பக்கம் பொடிந்துபோயிருந்தது, 6,000 ரூபாய் சொன்னார். என் பென்ஷனுக்கு அது முடியாது. தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டேன். கும்பகோணத்தில் தமிழ் நடத்திய உ.வே. சாமிநாதையர் 1903ல் மாநிலக் கல்லூரிக்கு மாறிவிட்டார். தாத்தா அங்கே போய்ச் சேர்ந்தபோது அவர் இல்லை. இருந்திருந்தால் தாத்தாவுக்குத் தமிழிலாவது ஒரு நல்ல கதை சொல்ல இருந்திருக்கும்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். கேள்வித்தாள் கட்டுக்கு முதலில் 1,800 சொன்னார். நான் பேரம் பேசவில்லை, எதற்காக வாங்குகிறேன் என்று மட்டும் சொன்னேன். 1,400க்கு இறங்கினார். காலண்டரை வாங்கவில்லை. ஒரு மணி நேரம் வைத்துக் குறிப்பெடுத்ததற்கு 100 ரூபாய் வாங்கிக்கொண்டார். போனில் படம் எடுத்தால் பக்கத்துக்கு 2 ரூபாய். ஆராய்ச்சி மாணவர்களுக்கு இது பெரிய உதவி. ஜிபே வாங்குகிறார், கார்டு கிடையாது. எந்தப் புத்தகத்திலும் விலை எழுதியிருக்காது. ஆள் பார்த்து விலை சொல்கிறார் என்று ஒரு பேராசிரியர் எனக்கு முன்னாலேயே சண்டை போட்டார். ஒரே வகை லெக்சிகன் பாகத்துக்கு அவரிடம் ஒரு விலை, எனக்கு ஒரு விலை சொன்னது உண்மைதான். இது சரியில்லை. பென்சிலால் உள்பக்கத்தில் எழுதிவைத்தால் போதும்.

பைண்டிங் வேலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவு நன்றாக இருக்கிறது. கட்டைக் கீழே பட்டறையில் கொடுத்தேன். பாயின் தங்கை மகன் பார்க்கிறார். முதலில் பழைய சாக்கு நூலை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார். விட்டுப்போன மடிப்புகளுக்கு மெல்லிய நேபாளக் காகிதத்தை மைதா பசையில் தடவி ஒட்டினார். பசையில் மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுகிறார், பூச்சி வராதாம். டேப் ஒட்டவே மாட்டேன் என்கிறார். டேப் ஒட்டின காகிதம் பத்து வருஷத்தில் பழுப்பேறிச் செத்துவிடும் என்று எனக்கு ஒரு உதாரணமும் காட்டினார். ஓரத்தை மெஷினில் வெட்ட வேண்டாம், பென்சில் குறிப்புகள் போய்விடும் என்று சொன்னேன். "வெட்டினா எழுத்து போயிடும்க்கா, நான் தொடமாட்டேன்" என்றார். முதுகில் கலிக்கோ துணி, பக்கங்களுக்கு அட்டை. 350 ரூபாய், பத்து நாள். சொன்ன நாளில் கொடுத்தார். பழைய தையல் ஓட்டைகள் வழியாகவே மறுபடி தைத்திருக்கிறார், புதிதாக ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. வீட்டில் குடும்பப் பத்திரம், பழைய சுவடி நகல் எதுவாவது பிரிந்துகிடந்தால் தயங்காமல் இங்கே கொடுக்கலாம்.

குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன். படி மிகவும் செங்குத்து, கைப்பிடிக் கயிறு மட்டும்தான். முழங்கால் வலி இருப்பவர்கள் கீழேயே உட்கார்ந்து கேட்டால் இறக்கிக் கொண்டுவந்து தருகிறார்கள். ஒரே ஒரு டியூப்லைட், மாலை நாலுக்கு மேல் எழுத்து தெரியாது. கழிப்பறை கிடையாது. வடமேற்கு மூலையில் கூரை ஒழுகுகிறது. அங்கே இருந்த ஒரு கட்டு மழையில் நனைந்து பாறைபோல இறுகிக் கிடப்பதைப் பார்த்தேன், வயிறு எரிந்தது. கூரியரில் அனுப்பச் சொல்லவே வேண்டாம். தஞ்சாவூர்த் தோழி ஒருத்திக்கு வெறும் பேப்பரில் சுற்றி அனுப்பி, மூலையெல்லாம் நசுங்கி வந்தது. நேரில் போய் வாங்குங்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பொறுக்காத ஒன்று இருக்கிறது. பழைய புத்தகங்களிலிருந்து படங்களையும் வரைபடங்களையும் வெட்டி எடுத்து, பிரேம் போட்டு விற்கும் கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். செனட் ஹவுஸ் படம் ஒன்று மேசையில் தனியாகக் கிடந்தது. அதை வெட்டிய புத்தகம் பக்கத்திலேயே இருந்தது. ஏன் பாய் இப்படி என்று கேட்டேன். "புத்தகம் முந்நூறுக்குப் போகாது டீச்சர், படம் எண்ணூறுக்குப் போகும். வாடகை யாரு கட்டுறது" என்றார். அவர் கஷ்டம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் இதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை என்று அவரிடமே சொல்லிவிட்டேன். இனி தமிழ்ப் புத்தகத்தில் கத்தி வைக்கமாட்டேன் என்று மட்டும் சொன்னார். மற்றவர்களும் போகும்போது கேட்டால் இன்னும் கொஞ்சம் மாறுவார் என்று நம்புகிறேன்.

காலை பத்தரைக்குத் திறக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் மூடியிருக்கும், மூன்று மணிக்கு மேல் போகலாம். ஞாயிற்றுக்கிழமை பட்டறை மட்டும். ரம்ஜான் மாதத்தில் மத்தியானத்துக்குள் போய்விடுவது நல்லது. எந்த வருஷம், எந்த ஊர், என்ன பாடம் என்று தெளிவாகக் கேட்க வேண்டும். "பழைய புத்தகம் ஏதாவது இருக்கா" என்று கேட்டால் அவர் நிமிர்ந்தே பார்ப்பதில்லை. அவர் பேத்தி பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறாள், மாநிலக் கல்லூரியில். லீவு நாட்களில் வந்து ஒரு நோட்டில் பட்டியல் எழுதத் தொடங்கியிருக்கிறாள். நான் போனபோது நாற்பத்தோராவது பக்கத்தில் இருந்தாள். அந்தக் காலண்டரின் பெயர் வரிசையில் நான் தேடிக் களைத்த மாதிரிப் பெயர் அவளுடையது. அவள் எழுதி முடித்தால் இந்தக் கடை பாயின் ஞாபகத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

'மனுஷ சுகரணம்' கடையில் இல்லை. வந்தால் சொல்வதாகப் பாய் என் நம்பரை அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். இதைப் படிக்கிறவர்கள் யாராவது எனக்கு முன்னால் அதை அங்கே பார்த்துவிட்டால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஜீரணத்தைப் பற்றிய பக்கங்களை மட்டும் படம் எடுத்துப் பாயிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். தாத்தா கிணற்றடியில் ஒப்பித்த மூன்று பெயருக்கும் அவர்கள் தமிழில் என்ன சொல் வைத்திருந்தார்கள் என்று எனக்குப் பார்க்க வேண்டும்.